பதினாறு படிகள், ஓர் எண்

போர்ட் லூயிஸ் நகரின் வடக்குப் பேருந்து நிலையத்துக்கு இமிகிரேஷன் ஸ்குவேர் என்று பெயர். மொரிஷியஸ் தீவின் வடபகுதி ஊர்களிலிருந்து வேலைக்கும் சந்தைக்கும் வருகிறவர்கள் காலையில் இங்கேதான் இறங்குகிறார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கான விடை கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. கடல் பக்கமாக நடந்தால் ஒரு கருங்கல் சுவர், ஒரு வாசல். உள்ளே நோயாளிகளை வைத்திருந்த கட்டடத்தின் மிச்சம், கொட்டகைகள் நின்ற இடத்தின் அடித்தளம், நீர் பக்கமாக 16 படிகள். ஆப்ரவாசி காட் என்பது இவ்வளவுதான். 1,640 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏழு கிரவுண்டுக்குச் சற்று மேல். 1849இல் எழுந்த பழைய குடியேற்ற டிப்போவில் எஞ்சியது மிகச் சிறிய பகுதியே. முன்பு இதைக் கூலி காட் என்றார்கள். பெயரைப் பிறகு மாற்றினார்கள். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தஞ்சையும் மதுரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மறுபாதிக் கதை தொடங்குவது இந்தப் படிகளில்தான். எந்தச் சோழர் கோவிலும் அந்தக் கதையைச் சொல்லாது.

1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் சோட்டா நாக்பூர் பக்கத்து மலைவாசிகள், தமிழர் இல்லை. இந்தத் தீவில் அடிமை முறை முடிவுக்கு வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து, 1835 பிப்ரவரி 1இல். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், விலைக்கு வாங்க முடியாது, அதனால் ஒப்பந்தம் போட்டு அழைத்து வருவோம் என்ற ஏற்பாடு அப்படிப் பிறந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். கப்பல் தள்ளி நங்கூரமிடும், படகு கரை சேர்க்கும், படி ஏறியவர் இரண்டு நாள் போல டிப்போவில் இருப்பார். அதற்குள் எழுத்தர் அவரை நிறுத்தி வைத்துப் பேரேட்டில் ஒரு வரி எழுதுவார். அந்த வரியின் தலையில் ஓர் எண் விழும். அந்த எண் அவர் சாகும்வரை கூட வரும்.

இன்று வம்ச வேர் தேடி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு குடும்பப் பெயர். அதைக் காட்டி, இது எந்த ஊர்ப் பெயர், எந்தச் சாதிப் பெயர் என்று கேட்கிறார்கள். தொடங்கும் இடமே தப்பு என்பது என் வாதம். பழைய ஆவணங்களில் நம் மனம் ஆசையோடு தேடுவது மூன்று: பெயர், ஊர், சாதி. அந்த மூன்றும்தான் அவற்றில் மிகவும் பழுதுபட்டவை. யாரும் விரும்பாத எண், கப்பல், வந்த நாள், உடம்பில் இருந்த தழும்பு, அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவைதான் நம்பிப் பிடிக்கத் தகுந்தவை. காரணம் எளிது. எழுதியவனுக்கு எது தேவையோ அதைச் சரியாக எழுதினான். எது நமக்குத் தேவையோ அதை எழுத அவனுக்கு எந்த அவசியமும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க போர்ட் லூயிஸை விட்டு மேலே ஏற வேண்டும். மோக்கா அதிக தூரமில்லை; துறைமுகத்தின் வெக்கை பின்னால் போய், லெ பூஸ் மலையின் கட்டைவிரல் உச்சி தெரியத் தொடங்கியதும் காற்று மாறிவிடும். இங்கே 1970இல் உருவான மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது. பேரேடுகளின் அமைப்பைப் பாருங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, ஊர், கப்பலின் பெயர், வந்த நாள், யாரிடம் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்ற விவரம். பிற்பாடு இறந்தாலோ நாடு திரும்பினாலோ அதையும் சேர்த்துக் குறிப்பார்கள். ஒரு மனிதனை இதைவிடத் துல்லியமாக அன்றைய தமிழ்நாட்டில் எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை. இடது கன்னத்தில் மச்சம், முழங்காலில் தழும்பு என்பதுவரை இருக்கும். அன்பினால் எழுதியதல்ல. ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஒருவன் இன்னொருவன் பேரில் கூலி வாங்கக் கூடாது, செத்தால் கணக்கை முடிக்க வேண்டும். ஆகவே எண்ணும் தழும்பும் தோட்டமும் சரியாக இருந்தே ஆக வேண்டும். பெயர் எப்படி இருந்தாலும் போகட்டும்.

பெயர் எப்படியெல்லாம் போனது என்பதை மொரிஷியஸ் தொலைபேசிப் புத்தகமே சொல்லும். சின்னத்தம்பி என்பவர் சினதாம்பு ஆனார். வேலாயுதன் வலைடென் ஆனார். கருப்பனும் குப்பனும் குர்ப்பென், கூப்பென் என்று பிரெஞ்சு மூக்கொலியோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒலி திரிந்தது சின்னச் சங்கதி. அதைக் காது கொடுத்துக் கேட்டால் மீட்டுவிடலாம். பெரிய சங்கதி வேறு. தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முத்துவின் மகன் வீரப்பன், வீரப்பனின் மகன் ஆறுமுகம்; தலைமுறைக்குத் தலைமுறை பெயர் நகரும், தகப்பன் பெயர் ஓரெழுத்துத் தலைப்பாகச் சுருங்கும். தீவின் சிவில் பதிவு அலுவலகம் பிரெஞ்சு வழக்கத்தில் வந்தது. அதற்கு அசையாத குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். எழுத்தர் கேட்ட நாளில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ அது அன்றோடு உறைந்தது. ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியும் இரண்டு குடும்பப் பெயரோடு பிரிந்ததும், ஒட்டும் உறவுமில்லாத இரண்டு வீரப்பன்களின் சந்ததி ஒரே குடும்பப் பெயரில் சேர்ந்ததும் இப்படித்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. கோவிலில் தாலி கட்டிய திருமணத்தைச் சிவில் சட்டம் ஏற்காத காலம் இருந்தது. அப்போது பிறந்த பிள்ளை தாயின் பெயரிலேயே பதிவாகியிருக்கலாம். பாட்டன் பெயர் என்று பெருமையாகச் சுமக்கிற பெயர் ஒரு பாட்டியுடையதாக இருக்க வாய்ப்புண்டு. அதில் பெருமை குறைய ஒன்றுமில்லை. ஆனால் ஆண்வழி மரம் வரைய உட்கார்ந்தவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

இது மொரிஷியஸுக்கு மட்டும் உரிய கோளாறு அல்ல. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், 342 பேரோடு நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தத்தின் பேரில் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து மொத்தம் 152,184 பேர் போனார்கள். அங்கே கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். படையாச்சி, பிள்ளை, நாயக்கர் எல்லாம் குடும்பப் பெயர்களாயின. பட்டப் பெயர் குடும்பப் பெயரானதால் ஒரே பெயரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். டர்பன் பக்கத்தில் ஒரு கோவெண்டர் தன் கொள்ளுப் பாட்டனைக் கோவெண்டர் என்ற சொல்லை வைத்துத் தேடுவது, திருநெல்வேலியில் போய் சுப்பிரமணியன் வீடு எது என்று கேட்பது மாதிரி. அங்கேயும் பேரேட்டைத் திறக்கும் சாவி ஒன்றுதான். காலனி எண் என்பார்கள். அது கையில் இருந்தால் கப்பல், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் வரிசையாக வரும்.

அப்படியானால் எண்ணை எங்கே போய்த் தேடுவது? வீட்டில். 19ஆம் நூற்றாண்டுத் திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு ஆகியவற்றில் குடியேறியவரின் பெயரை அடுத்து அவருடைய எண்ணையும் எழுதும் வழக்கம் இருந்தது. எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது, நிறையவற்றில் இருக்கும். ஆகவே தேடல் இன்றிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். தன் பிறப்புச் சான்று, தாய் தகப்பன் திருமணச் சான்று, தாத்தாவின் சான்று என்று ஒவ்வொரு படியாக இறங்கினால் ஏதோ ஒரு தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கமோ ஐந்து இலக்கமோ கொண்ட ஓர் எண் தென்படும். அந்தத் தாள்தான் தீவுக்கும் கப்பலுக்கும் நடுவில் கட்டிய பாலம். கப்பலிலிருந்து தொடங்கி முன்னோக்கி வர முயன்றவர்கள் எத்தனையோ முருகன்களுக்கு நடுவே காணாமல் போகிறார்கள்.

எண் கிடைத்த பிறகும் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தன் முன்னோரின் வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த வரிக்கு மேலே பத்து, கீழே பத்து எண்களையும் படிக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் ஆட்கள் தனித்தனியாக வரவில்லை. மரினா கார்ட்டர் என்ற வரலாற்றாசிரியர் இதை நன்றாகக் காட்டியிருக்கிறார். தீவில் வேலை பார்த்துத் திரும்பிய ஆளே சொந்த ஊருக்குப் போய் உறவையும் அண்டை வீட்டையும் கூட்டிக்கொண்டு மறுபடி கப்பலேறுவது பரவலாக நடந்தது. அப்படி வந்தவர்கள் ஒரு கும்பலாக நின்றார்கள். எண்ணும் அடுத்தடுத்து விழுந்தது. உங்கள் பாட்டன் வரியில் ஊர்ப் பெயர் வாயில் நுழையாதபடி சிதைந்திருக்கும். மூன்று எண் தள்ளி நின்றவனிடம் அதே ஊரைக் கேட்டபோது எழுத்தர் சற்று நிதானமாக எழுதியிருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஊர் தெளியும். தகப்பன் பெயர் ஒன்றாக இருந்தால் உடன்பிறப்பு என்று ஊகிக்கலாம். ஒரே தோட்டத்துக்குச் சேர்ந்து போயிருந்தால் பிற்பாடு சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் எவை என்பதும் விளங்கும். இந்தி பேசியவர்கள் கப்பலில் உடன் வந்தவனை ஜஹாஜி பாய் என்று உறவாகவே கொண்டாடினார்கள். தமிழரிடமும் அந்த உறவு இருந்தது. வம்சம் என்பதை இரத்தக் கோடாக வரையாமல் ஒரு கூட்டமாக வரைந்தால் பேரேடு தாராளமாகப் பேசும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. மனிதனுக்கு எண் போடுவது கொத்தடிமைத்தனத்தின் முத்திரை, அதைத் தூக்கிப் பிடித்து வம்சப் பெருமை பேசலாமா என்பது. முத்திரைதான்; மறுக்கவில்லை. 1867ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வந்தபின், ஒப்பந்தம் முடித்துச் சுதந்திரமாக இருந்தவரும் புகைப்படம் ஒட்டிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கையில் சீட்டு இல்லாமல் சாலையில் அகப்பட்டால் நாடோடி என்று காவலர் பிடித்துக்கொண்டு போவார். இந்தக் கெடுபிடிக்கு எதிராகத்தான் 1871இல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் முன்நின்று 9,401 பேரின் கையொப்பத்தோடு மனுக் கொடுக்கவைத்தார். தோட்ட முதலாளிகளின் ஆத்திரத்துக்கு ஆளானார். அதன் பலனாக லண்டன் ஒரு ராயல் கமிஷனை அனுப்ப வேண்டி வந்தது. அந்தச் சீட்டுக்காக எடுத்த படங்கள் இன்று மோக்காவில் இருக்கின்றன. முகங்களில் சிரிப்பு இல்லை. சில பெண்கள் கேமராவைப் பார்க்கும் பார்வையில் அச்சமும் கோபமும் கலந்திருக்கிறது. காவலருக்காக எடுத்த படம் அது. ஆனால் அந்த முகத்துக்கு வேறு படமே கிடையாது. வேலூர்ப் பக்கத்து நிலமற்ற கூலிப் பெண் ஒருத்தியின் 1870களின் முகத்தை ஒரு பேரப்பிள்ளை பார்க்க முடிகிற இடம் உலகில் மிகக் குறைவு. அதில் இது ஒன்று. அவமானத்தைச் செய்தவன் கையெழுத்தை வைத்தே அவமானப்பட்டவளை மீட்பதில் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை. சாட்சி எதிரியின் வாக்குமூலமாக இருந்தால் அதன் பலம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

எண் விழாத இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த வாதம் இன்னும் உறுதிப்படும். அதே நூற்றாண்டில் அதே மாவட்டங்களிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள் ஒப்பந்தச் சீட்டில் போகவில்லை. கங்காணி கூட்டிப்போனான். ராமேசுவரம் பக்கம் நடந்து, தோணியில் மன்னார்க் கரை தாண்டி, காட்டுவழியே மாத்தளைக்கு ஏறினார்கள். வழியில் செத்தவர்களை எண்ண ஆளில்லை. தோட்டத்தில் அவர்கள் பேரில் இருந்த காகிதம் துண்டு. கூலியின் கடன் தீர்ந்தால் அவனை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுப்பது அது. 1921 வரை நீடித்தது. மொரிஷியஸ் பேரேடு உடம்பை எழுதியது. இலங்கைத் துண்டு கடனை எழுதியது. கடனுக்கு யார் மகன், எந்த ஊர் என்பதெல்லாம் தேவையில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்து, உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்று கேட்டபோது லட்சக்கணக்கான மலையகத் தமிழரிடம் காட்ட ஒன்றுமில்லை. நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று ஆளைப் பாகம் பிரித்தது. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவைத்தது. காகிதம் இல்லாமை மட்டுமே அந்த அநியாயத்துக்குக் காரணம் என்றால் அது பொய். அரசியல் வஞ்சம்தான் காரணம். ஆனால் வஞ்சம் தன் வேலையைச் செய்யப் பிடித்த ஆயுதம் காகிதம் இல்லாமைதான். இன்று ஹட்டனிலோ பதுளையிலோ ஒருவர் தன் பாட்டனார் எந்தத் தாலுகாவிலிருந்து வந்தார் என்று தேடினால், மொரிஷியஸ்காரருக்குக் கிடைக்கும் அந்த ஒற்றை வரி அவருக்குக் கிடைக்காது.

எண்ணும் குறையில்லாதது அல்ல. ஊருக்குப் போய்த் திரும்பியவருக்குப் புது எண் விழுந்தது. ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். தீவில் பிறந்த பிள்ளைக்கு எண்ணே கிடையாது. ஆக எண் என்பது ஒரு தலைமுறையின் ஏணிப்படி மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, 1834க்கு முன்பே வந்த தமிழர்களுக்கு அது உதவாது. 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் துறைமுகம் கட்டும் வேலைக்கு வந்துவிட்டார்கள். போர்ட் லூயிஸின் கிழக்கே அவர்கள் வாழ்ந்த பகுதிக்குக் கான் தெ மலபார் என்று பெயர். தமிழரை மலபார் என்று அழைப்பது அன்றைய ஐரோப்பிய வழக்கம். அவர்களைத் தேட ஞானஸ்நானப் பதிவும் நோட்டரிப் பத்திரமும் வேண்டும். அடிமைகளாக விற்கப்பட்டு வந்த இந்தியர்கள் நிலை இன்னும் மோசம். எஜமானன் வைத்த பெயர்தான் ஏட்டில் இருக்கும். என் வாதத்துக்கு இது விரோதமல்ல. பெயரை மட்டும் வைத்துத் தேட வேண்டிய நிலைமையில் தேடல் எவ்வளவு சீக்கிரம் முட்டுச் சந்தில் போய் நிற்கிறது என்பதற்கு இவர்களே சான்று.

இன்னொரு மறுப்பு, வீட்டு வாய்மொழி இருக்கப் பேரேடு எதற்கு என்பது. வாய்மொழி மதிப்புள்ளதுதான். எழுத்தரின் காதில் விழாத ஒன்று அதில் இருக்கும்: குலதெய்வத்தின் பெயர். மதுரைவீரன், முனீஸ்வரன், காளியம்மன் என்று தோட்டத்து ஓரத்தில் எழுப்பிய சின்னக் கோவில்களில் அந்த நினைவு தங்கியிருக்கிறது. ஆனால் வாய்மொழிக்கு ஒரு பலவீனம். அது ஏறுமுகமாகவே வளரும். கூலியாக வந்த பாட்டன் நான்காம் தலைமுறையில் வியாபாரியாக வந்தவர் ஆகிவிடுகிறார். சாதியும் அப்படியே. கப்பலேறும்போதே சிலர் வேறு சாதி சொன்னார்கள். சொல்லாதவர்களுக்கு எழுத்தர் மலபார் என்று பொத்தாம்பொதுவாகப் போட்டார். கடல் தாண்டியவுடன் அதை உதறிவிட வேண்டும் என்று நினைத்தவரின் பேரப்பிள்ளை, அதையே தேடிக்கொண்டு மோக்காவுக்கு வருவது என்ன விசித்திரம்! மரபணுச் சோதனையோ, எங்கோ இருக்கும் தூரத்து உறவினரைக் காட்டும். கப்பலையும் ஊரையும் காட்டாது. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் மொரிஷியஸ் வந்தபோது, ஏழாம் தலைமுறை வரையுள்ள இந்திய வம்சாவளியினரும் ஓ.சி.ஐ. என்னும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை பெறலாம் என்ற அறிவிப்பு வந்தது. அதன்பின் இந்தத் தேடலுக்கு உணர்ச்சியோடு உபயோகமும் சேர்ந்துவிட்டது. அட்டைக்காகத் தேடுகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தேடட்டுமே! சொத்துப் பத்திரத்துக்காக ஓலை புரட்டியவர்கள் இல்லையென்றால் நம்மூர்ப் பழைய கணக்குகளில் பாதி கரையானுக்குப் போயிருக்கும்.

தேடலின் கடைசிக் கட்டம் கடல் தாண்டி இங்கே, தமிழ்நாட்டில். மோக்காவில் எடுத்த நகலில் வட ஆர்க்காடு ஜில்லா என்று இருக்கும். அந்த ஜில்லா இன்று இல்லை. 1911இல் அதிலிருந்து ஒரு பகுதி பிரிந்து சித்தூருக்குப் போனது. 1989இல் மிச்சம் வேலூர்ப் பக்கமும் திருவண்ணாமலைப் பக்கமுமாகப் பிரிந்தது. 2019இல் வேலூரும் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிறந்தன. தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு கதையும் ஏறக்குறைய இப்படித்தான். எழும்பூரில் 1909இல் எழுந்த சிவப்புக் கட்டட ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவைப் பதிவேடுகள் இருக்கின்றன. ஊர் இருந்ததை அவை உறுதிப்படுத்தும். ஆளைக் காட்டுவது அரிது. கணக்குப்பிள்ளை எழுதிய அ-பதிவேட்டிலும் அடங்கலிலும் வருவது பட்டாதாரரும் அவர் கட்டிய தீர்வையும். வயலில் இறங்கி நட்டவன் பெயருக்கு அங்கே கட்டமே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1899இல். அதற்குள் கப்பல்களில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்துவிட்டன. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோவிலின் ஞானஸ்நான ஏடு கைகொடுக்கலாம். மற்றவர்களுக்கு இல்லை. சொந்த ஊரின் கணக்கில் ஒரு முறைகூட ஏறாத மனிதன் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் அந்நியன் கணக்கில் தலைமுதல் கால்வரை ஏறியிருக்கிறான். ஊரில் இருந்தவரைக்கும் அவன் யார் கண்ணிலும் படவில்லை என்பதைத்தான் இந்த வெற்றுக் கட்டங்கள் காட்டுகின்றன. வேர் தேடி வருகிறவருக்கு நம்மூர் தரக்கூடிய மிகக் கசப்பான சான்று இது.

மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புதுத் தாள் அடித்தபோது இந்தியைத் தமிழுக்கு மேலே போட்டுவிட்டார்கள் என்று கிளர்ச்சி எழுந்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு ரோஷம் உள்ள இடம். ஆனால் சட்டைப்பையில் தமிழ் எழுத்தோடு திரிகிறவர்களில் பலருக்கு வீட்டு மொழி கிரியோல். மோக்காப் பேரேட்டிலோ எல்லாமே ஆங்கில எழுத்து. ஆகவே ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்கும் கடைசி வேலை அவர்களால் முடியாதது. இங்கிருக்கிற நம்மால்தான் முடியும். வாண்டிவாஷ் என்பது வந்தவாசி, டிரினோமலி என்பது திருவண்ணாமலை, கான்ஜீவரம் என்பது காஞ்சிபுரம் என்று பெரிய ஊர்களை யாரும் சொல்லிவிடுவார்கள். தாலுகாவுக்குள் இருக்கும் சின்னக் கிராமத்தின் சிதைந்த பெயர் எந்த அகராதியிலும் இல்லை. அதை உரக்கப் படிக்க வேண்டும், அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் காதால் கேட்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற தலையாரி, பழைய பஸ் கண்டக்டர் போன்றவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

உங்கள் ஊரில் என்றாவது தமிழ் பேசத் தெரியாத ஒருவர் கையில் ஒரு நகல் தாளோடு வந்து நின்றால், நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் தாளை வாங்கி, ஊர் என்ற கட்டத்தில் இருப்பதை நாலு பேர் கேட்கும்படி படித்துக் காட்டுங்கள். அவருடைய எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் கொண்டு வந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவற்றில் உங்கள் தெருக்காரர் யாராவது இருக்கலாம்.